எடுக்கப்பட்டவை

மார்ச் 11, செவ்வாய்

ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். சிறிதா பெரிதா என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்குச் சிறிது என்றே எழுதி வைக்கிறேன். நான் நூலகராக இருக்கும் பள்ளியின் புத்தகப் பட்டியலை இணையத்தில் ஏற்றியபோது ‘எடுக்கப்பட்டவை’ என்ற கட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு, சைக்கிள் கடைக்கு மேலே உள்ள கூடத்தில், கற்பித்தலுக்கும் அன்றாட வாழ்வுக்குமான இணையக் கருவிகள் என்ற வகுப்புக்குப் போகிறேன். பயிற்றுநருக்கு நாங்கள் வைத்த பெயர் ஈசி சார். எதைக் கேட்டாலும் “அது ஈசி” என்பார். தண்ணீர் குடிக்க நினைவூட்ட ஒரு கருவி, மூச்சை ஒழுங்காக இழுத்துவிட ஒரு கருவி, அம்மாவுடன் பேசி எத்தனை நாளாயிற்று என்று சொல்ல ஒரு கருவி. தண்ணீர்க் கருவியை அக்காவிடம் காட்டினேன்.

“தாகம்னு ஒண்ணு இருந்துச்சேடி, அது எங்க போச்சு? அதுக்கு சார்ஜ்கூடப் போட வேண்டாமே” என்றாள்.

எனக்கு அப்போது கோபம் வந்தது. வகுப்பில் வீட்டுப்பாடத்தை முதலில் முடிப்பவள் நான்.

நூலகக் கருவி நான்காம் வாரப் பாடம். எந்த மொழியிலோ செய்ததை, யாரோ அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழாக்கியிருக்கிறார்கள். அதன் முகப்புக்குப் பெயர் ‘வீடு’. அறிக்கை வேண்டுமென்றால் ‘அறிக்கையை ஓட்டு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இதற்கெல்லாம் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்தவள்தான் ‘எடுக்கப்பட்டவை’யிடம் ஏமாந்தேன். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் புத்தகத்தைக் கடன் வாங்குவதில்லை, எடுக்கிறார்கள். “மிஸ், நான் ரெண்டு எடுத்திருக்கேன்.” “மிஸ், அவ எடுத்ததையே எனக்கும் எடுத்துக் குடுங்க.” ஆகவே இந்த ஆண்டு பிள்ளைகள் எடுத்த இருநூற்றுப் பதினான்கு புத்தகங்களுக்கும் அந்தக் கட்டத்தில் குறியிட்டேன். இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டு முறையும் என் தவறு சரியாகவே இருந்தது.

அந்தக் கட்டத்துக்கு, நூலகத்திலிருந்து நீக்கப்பட்டவை என்று பொருளாம். இன்று உதவிப் பக்கத்தின் அடியில் படித்தேன். ஆனால் அறிக்கையைச் சனிக்கிழமையே ஓட்டிவிட்டேன். அது தலைமையாசிரியை மேசைக்கு ஓடி, அங்கிருந்து கல்வி அலுவலகத்துக்கும் ஓடிவிட்டது.

மார்ச் 12, புதன்

பெரிய தவறுதான்.

நூலகம் மாடிப்படிக்குப் பக்கத்து அறை. நான்கு இரும்பு அலமாரிகள், இரண்டு நீள மேசைகள். காலையில் திறந்தால் முதல் இரண்டு அலமாரிகள் காலி. கதவோரம் நைலான் கயிறு போட்டு இறுக்கிய பதினெட்டுக் கட்டுகள். கயிறு அழுத்தி மேல் அட்டைகள் மடங்கியிருந்தன. பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு எடுக்கும் துப்பறியும் கதைகள், முதுகு கிழிந்து நான் மூன்று முறை ஒட்டிய விலங்குப் புத்தகம், எல்லாம் உள்ளே.

அலமாரிகளில் எஞ்சியவை: இருபது வருட ஆண்டறிக்கைகள், பாடத்திட்டம் மாறிப்போன வழிகாட்டிகள், சாலை விதிகள் என்ற நூலின் பதினொரு படிகள், எழுதியவரே அன்பளித்து இன்றுவரை யாரும் பிரிக்காத ஒரு கவிதைத் தொகுதி. கருவி இவற்றுக்குப் பச்சை நிறம் கொடுத்து ‘ஆரோக்கியமான சேகரிப்பு’ என்று பாராட்டியிருக்கிறது. யாருமே தொடாததால் வந்த ஆரோக்கியம்.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். அவர் அறிக்கையை வண்ணத்தில் அச்சிட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

“ஏம்மா, எடுத்தாச்சுன்னு நீயே போட்டிருக்க. அப்புறம் அதெல்லாம் அலமாரில எப்படி உக்காந்திருக்கு? ஆபீஸ்ல இருந்து பார்க்க வந்தா நான் என்ன சொல்றது? அதான் கட்டச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பழைய பேப்பர்காரர் வர்றார்.”

“மேடம், எடுத்ததுன்னா பிள்ளைங்க எடுத்தது.”

“பிள்ளைங்க எடுத்திருந்தா அவங்க வீட்டுல இருக்கணும். இங்க இருக்கே?”

“படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க மேடம்.”

“அப்ப அது எடுத்தது இல்லையே, குடுத்தது.”

ஒரு கணம் அவர் சொல்வதே சரியோ என்றுகூடத் தோன்றியது. என்னுடைய குறையே இதுதான். யார் உறுதியாகப் பேசினாலும் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

“மேடம், நம்ம ஸ்கூல்ல அதிகம் படிக்கிற புத்தகமெல்லாம் அதுதான். அதைப் போட்டுட்டா நூலகத்துக்கு யாருமே வர மாட்டாங்க.”

“வரட்டும், வராம போகட்டும். அறிக்கை போயாச்சு. திருத்தணும்னா நூலகர் செஞ்ச தப்புன்னு உன் கையெழுத்துல கடிதம் வேணும். வெள்ளிக்கிழமை காலைல குடுத்தா வண்டியை நிறுத்தறேன். ஆனா அது உன் ஃபைலுக்குப் போகும். மே மாசம் உன்னை நிரந்தரம் பண்றதப் பத்திப் பேசறப்ப, முதல்ல அந்த ஃபைலத்தான் திறப்பாங்க. நீ யோசிச்சுக்கோ.”

யோசிக்கிறேன். இரண்டு வருடமாகத் தற்காலிகம்.

மார்ச் 13, வியாழன்

மாலை வகுப்புக்குப் போனேன். ஏற்றிய பட்டியலைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று கேட்பதுதான் திட்டம். படி ஏறும்போதே திரையில், வீட்டுப்பாடமாக நான் அனுப்பியிருந்த அறிக்கை தெரிந்தது. ஈசி சார் அதை மாதிரி அறிக்கையாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

“பாருங்க, இருநூத்திப் பதினாலு புத்தகம் ஒரே நாள்ல கிளியர். இதுதான் துணிச்சல்! கை தட்டுங்க.”

தட்டினார்கள். நான் எழுந்தேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பின் வரிசையில் இருந்த தட்டச்சுக்காரர், “அப்ப நம்ம வாடகை நூல் நிலையத்துல எடுத்த புத்தகத்த எல்லாம் நாம நீக்கிட்டோமா?” என்று கேட்டார். கூடமே சிரித்தது.

“சின்ன மொழிபெயர்ப்புப் பிரச்சினை” என்றார் ஈசி சார். “பாசிட்டிவா எடுத்துக்கங்க.”

“எடுத்துக்கறதுன்னா எந்த அர்த்தத்துல சார்?” என்றேன். எனக்கே ஆச்சரியம், நானா கேட்டேன்? “பட்டியலைத் திரும்ப வாங்க முடியுமா, அதை மட்டும் சொல்லுங்க.”

“அது ஈசி. ஆனா இலவசத் திட்டத்துல அந்த வசதி கிடையாது. அப்புறம், கடிதத்துக்கு எல்லாம் ஏம்மா கவலை? அதுக்கும் கருவி இருக்கு.”

கருவியில் விவரத்தைத் தட்டினார். ஒரு நிமிடத்தில் கடிதம் வந்தது. ‘எதிர்பாராத தொழில்நுட்பச் சூழல் காரணமாக நிகழ்ந்த அசௌகரியத்திற்கு மனமார வருந்துகிறோம்.’ அழகான கடிதம். அதில் தவறு நடந்திருந்தது, செய்தவர் யாருமில்லை. புத்தகம் என்ற சொல்லும் இல்லை. வருந்துகிறவர்கள் மட்டும் பலர்.

வேலை தப்பிக்கும் என்று நினைத்து அச்சிட்டும்விட்டேன். வீட்டில் அக்கா சோற்றுக்கு உட்கார்ந்தபடி அதைப் படித்தாள்.

“இது யாரோட கல்யாணப் பத்திரிகைடி?”

“விளையாடாதக்கா. என் பேரைப் போட்டு எழுதினா வேலை போயிடும்.”

“போயிடுமா, போனாலும் போகுமா?”

“தெரியல.”

“இதைக் குடுத்தா புத்தகம் தப்பிக்குமா?”

தலைமையாசிரியை கேட்டது என் கையெழுத்தில், என் தவறு என்று. இந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “யாரும் தப்பு செய்யலையே, அப்ப வண்டி வரட்டும்” என்பார். அவரை எனக்குத் தெரியும்.

“தப்பிக்காது” என்றேன்.

“அப்ப எதுக்கு இந்தத் தாளு? அப்பளத்து எண்ணெய ஒத்தி எடுக்கக்கூட ஆகாது, வழவழன்னு இருக்கு.”

சாப்பிட்டுக் கை கழுவியதும் கோடு போட்ட தாளில் நானே எழுதினேன். ஏழு வரி. ‘எடுக்கப்பட்டவை என்பதைப் பிள்ளைகள் சொல்லும் பொருளில் நான் கொண்டேன். குறியிட்டவள் நான். இருநூற்றுப் பதினான்கு நூல்களும் இப்பள்ளிப் பிள்ளைகள் இந்த ஆண்டு படித்தவை. அவற்றை நீக்கக் கூடாது.’ அடியில் என் கையெழுத்து. இரண்டு முறை சரிபார்த்தேன். இம்முறை அக்காவையும் படிக்கச் சொன்னேன்.

நாளை, வெள்ளி: எட்டு மணிக்குத் தலைமையாசிரியையிடம் கடிதத்தைக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். பேப்பர்காரருக்கு அவரையே போன் செய்யச் சொல்லி, பேசி முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பிறகு பதினெட்டுக் கட்டுகளையும் பிரித்து, முதல் மணி அடிப்பதற்குள் எண் வரிசையில் அலமாரியில் அடுக்க வேண்டும்.