அணிலின் இரண்டாவது கூடு

என் கணவர் முனீப்பை வீட்டைவிட்டுத் துரத்தியபோது நான் சொன்ன வார்த்தைகள் இன்னும் அப்படியே நினைவிருக்கின்றன. "இது என்ட வீடு. வெளிக்கிடுங்க." மூதூருக்குப் படகு எஞ்சின் திருத்தப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் போன மனிதர், அங்கே சுஹைரா என்ற பெண்ணை நிக்காஹ் செய்திருந்தது தெரியவந்த நாள் அது. சொன்னதற்காக நான் வருந்தவில்லை. கதவுக்குப் பின்னால் எட்டு வயது மகள் ஜெஸ்மின் நின்றதைத்தான் கவனிக்காமல் விட்டேன்.

எங்கள் ஊரான கிண்ணியாவில் வீடு பெண்ணுக்குத்தான். பெண்பிள்ளை பிறந்தால் பெற்றவர்கள் சீமெந்துக் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வருவார். சரிவராவிட்டால் அதே பெட்டியோடு போவார். முனீப்பும் அப்படித்தான் வந்தார், அப்படித்தான் போனார். போன இடமும் இன்னொருத்தியின் வீடு.

அதற்குப் பிறகு ஜெஸ்மினுக்கு வயிற்றுவலி தொடங்கியது. சொல்லிவைத்த மாதிரிப் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில்தான் வரும். நான் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று, "உம்மா, இரிக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வயிற்றில் ஒன்றுமில்லை, பிள்ளைக்குப் பயம் என்றார் டொக்டர்.

நான் முன்பள்ளி ஆசிரியை. சிறுவர் கதைகளும் எழுதுவேன். அந்த நேரம் பார்த்துத் திருகோணமலை நகரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று, பெற்றோர் பிரிந்த பிள்ளைகளின் பயம் தெளிய ஒரு கதைப் புத்தகம் எழுதித் தரச் சொன்னது. என்னைவிடப் பொருத்தமான ஆளை அவர்கள் எங்கே தேடுவது! ஓர் அணில் குஞ்சை வைத்து எழுதினேன். பயம் வந்தால் அது நாலு எண்ணி மூச்சை இழுக்கும், நாலு எண்ணி விடும். அப்பா அணில் போய்விடும். குஞ்சு அம்மாவோடு ஒரே கூட்டில் இருக்கும்.

புத்தகத்துக்குப் பொறுப்பாக இருந்த கௌசிகாவுக்கு அது பிடிக்கவில்லை. "ரீச்சர், வாசிக்கிற பிள்ளை ஏங்கிப்போகும். அப்பாவிட்டயும் ஒரு கூடு இருக்கெண்டு எழுதுங்கோ. வெளிநாட்டுப் புத்தகங்களில எல்லாம் அப்பிடித்தான்."

"எங்கட பக்கம் ஆம்பிளைக்கு ஏது வீடு?" என்றேன்.

"கதைதானே ரீச்சர்," என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன், அதுதான் கேடு. இரண்டு கூட்டிலும் குஞ்சுக்கு ஒரு கட்டில், இரண்டிலும் ஒரு பல் பிரஷ். அணிலுக்கு எதற்குப் பிரஷ் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, 'உன் இரண்டாவது வீட்டை இங்கே வரை' என்று போட்டோம்.

ஜெஸ்மின் புத்தகத்தைப் பாடமாக்கிவிட்டாள். கடைசிப் பக்கத்தை மட்டும் வரையவில்லை, அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரைவாளாம். வயிற்றுவலி குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால், பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு சட்டை, ஒரு தலையணை உறை, ஒரு புதுப் பிரஷ்.

"வாப்பாட வீட்டுல என்ட கட்டில் இரிக்கும்தானே உம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானே எழுதியதை நானே பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. முனீப்புக்குப் போன் எடுத்தேன். "கூட்டிட்டு வாங்க," என்றார், அவ்வளவுதான். சனிக்கிழமை காலை மூதூர் பஸ் ஏறினோம். வழி நெடுக அவள் நாலு எண்ணி மூச்சு விட்டுக்கொண்டே வந்தாள்.

சுஹைரா வாசலுக்கு வந்து, "வாங்க," என்றாள். தேத்தண்ணி தந்தாள். சண்டை பிடிக்கத் தோதான ஆளாக அவள் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. முனீப் கதிரை நுனியில் விருந்தாளி மாதிரி இருந்தார். எங்கள் வீட்டில் பத்து வருடமும் அவர் இப்படித்தான் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜெஸ்மின் பையோடு குளியலறைக்குப் போய்விட்டு வந்தாள். "என்ட கட்டில் எங்க வாப்பா?"

முனீப் சுஹைராவைப் பார்த்தார். சுஹைரா உள்ளறைப் பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய உம்மா இருமுவது கேட்டது.

"இது சாச்சிட வீடு மகள்," என்றார் முனீப், சுஹைராவைக் காட்டி. "வாப்பாக்கு இங்க கட்டில் போட ஏலாது."

"அப்ப வாப்பாட வீடு எங்க?"

நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

நாங்கள் பஸ்ஸுக்கு வெளிக்கிட்ட பிறகு சுஹைரா பின்னால் ஓடிவந்தாள். கையில் கடதாசியில் சுற்றிய பிரஷ். "புள்ள மறந்து வச்சிட்டுப் போறா," என்றாள். ஜெஸ்மின் மறக்கவில்லை. வாப்பாவின் பிரஷ் இருந்த கோப்பைக்குள் அதையும் வைத்துவிட்டு வந்திருந்தாள். அதை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

பஸ்ஸில் வைத்துக் கேட்டாள். "எங்கட ஊருல வாப்பாமாருக்கு வீடு இல்லண்டு உங்களுக்குத் தெரியும்தானே உம்மா?"

"ஓம்."

"அப்ப ஏன் அணிலுக்கு எழுதினீங்க?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் அதைக் கறியாக்கி என் பிள்ளைக்கே ஊட்டியிருந்தேன். வெட்கத்தில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வயிற்றுவலி வரும் என்று பயந்தேன். வரவில்லை. அவள் குசினி மேசையில் புத்தகத்தை விரித்து, கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டின் மேல்மாடி. அவளுக்கென்று நான் கட்டத் தொடங்கி, கூரையில்லாமல் பாதியில் நிற்பது. அதற்குச் சிவப்புப் பென்சிலால் கூரை போட்டிருந்தாள். உள்ளே ஒரு கட்டில். கட்டிலில் மீசையோடு ஓர் ஆள், பக்கத்தில் ஒரு பெட்டி.

"வாப்பாவா?" என்றேன்.

"ஓம். இது எனக்குத் தாற வீடுதானே?"

"ஓம் மகள்."

"அப்ப வாப்பா இதுல இரிக்கட்டும். அவர ஒருத்தரும் வெளிக்கிடச் சொல்ல ஏலாது." பென்சிலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது என்ட வீடு."