சிவப்பு எந்தப் பக்கம்

அன்று காலை ஹீட்டர் அறையில் இருந்தவர்கள்: இராப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாத கருவி மெக்கானிக் சாயிலு. ஹீட்டரை ஓட்டும் பூமய்யா. ஒப்பந்தக்காரரின் ஆளாக நின்று எல்லோரையும் வேலை வாங்கும் லிங்காரெட்டி. கம்பெனி எஞ்சினியர் ஹாரிகா. பூமய்யாவைக் கேட்டால் ஹீட்டரையும் ஐந்தாவது ஆளாகச் சேர்ப்பான். அதற்கு அவன் வைத்திருந்த பெயர் பெத்தம்மா. காலையில் பற்ற வைக்கும்போது அம்மனைக் கும்பிடுவதுபோல் கும்பிடுவான். மற்ற நேரத்தில் வாயில் வந்தபடி திட்டுவான்.

ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் இதுபோல் நூறு ஹீட்டர்கள் உண்டு. அடியில் பர்னர் எரியும். சுருள் குழாயில் எண்ணெய் சூடாகும். அந்த எண்ணெய் அடுத்த கூடத்துக்குப் போய், மேசைக்கும் அலமாரிக்கும் ஒட்டுகிற தகடுகளை அழுத்தும் பிரஸ்ஸைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். எண்ணெயின் சூடு அளவோடு இருந்தால் யாருக்கும் அதன் நினைவே வராது. அளவு மீறினால் குழாய் இணைப்பு கசியும். கசிந்தது நெருப்பைத் தேடிப் போகும். பின் சந்தில் ஒரு ஷெட்டின் சுவர் இன்னும் கறுப்பாகத்தான் நிற்கிறது. அதை யாரும் வெள்ளையடிக்கவில்லை, வாடகைக்கு எடுக்கவுமில்லை.

சூட்டை அளக்கும் பழைய மாட்யூல் செத்துப்போய்விட்டது. புதியதை மாட்டும் வேலை சாயிலு தலையில் விழுந்தது. இரவெல்லாம் மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு, விடிந்த பிறகு பேனலைத் திறந்தான். அசதி இருந்தது. ஆனாலும் முறையாகத்தான் செய்தான். பிரேக்கரை இறக்கி, தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை அதில் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் தொட்டு அது வேலை செய்கிறதா என்று பார்த்தான். பிறகு பேனலுக்குள் தொட்டு எதிலும் உயிரில்லை என்று உறுதி செய்துகொண்டான். மாட்யூலைப் பேனலுக்குள் இருந்த உலோகப் பட்டையில் அழுத்தி மாட்டினான். குழாயிலிருந்து வரும் மெல்லிய கேபிளை மோட்டார் கம்பிகளின் பக்கம் போகாமல் தனி வழியில் இழுத்து வந்தான். அதன் மேலுறை வலையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் கட்டினான். ஒவ்வொரு கம்பியையும் திருகி முடுக்கிவிட்டு விரலால் இழுத்துப் பார்த்தான். எதுவும் கழன்று வரவில்லை.

குழாய்க்குள் செருகுகிற உணரிகள் இரண்டு. குச்சி என்பார்கள். ஒன்று பர்னரைக் கூட்டவும் குறைக்கவும், மற்றது சூடு மிஞ்சினால் பர்னரை அணைக்கவும். இரண்டுக்கும் புதிதாக வந்த ஒரே கேபிள் சுருளிலிருந்து வெட்டினான். மஞ்சளும் சிவப்புமாக இரண்டு கம்பிகள். சிவப்பு பிளஸ். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவன் கைக்குத் தெரிந்தது அதுதான். குச்சியின் தலையிலும் சிவப்பைப் பிளஸ்ஸில் போட்டான். மாட்யூலிலும் பிளஸ்ஸில் போட்டான்.

பூமய்யா சாய் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தான். சாயிலு பூட்டை எடுத்துப் பிரேக்கரை ஏற்றினான். குச்சிகளைக் குழாய்க்குள் செருகும் முன் கெட்டிலில் முக்கிப் பார்த்தார்கள். இரண்டு எண்களும் நூறை ஒட்டி வந்து நின்றன. பேனல் அறையின் ஏசியை அப்போது இன்னும் போட்டிருக்கவில்லை.

"தண்ணி கொதிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டியே பாவா" என்றான் பூமய்யா. "இதுக்கு எனக்குக் கண்ணு போதும்."

ஹாரிகா வந்து திருகுகளைப் பார்த்தாள், எண்களைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். பூமய்யா பேனல் கதவில் மஞ்சளும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைத்தான். பர்னர் பிடித்தது. பேனல் அறையில் ஏசி ஓடத் தொடங்கியது.

அந்தத் தொழிற்சாலையில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எதையாவது மாட்டினால், கை வைத்தவன் முதல் சூடு ஏறி அடங்கும் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். மாட்டிவிட்டுப் போய்ப் படுத்தவன் ஒருவன் முன்பு இருந்திருக்கிறான். அவனால் வந்த வழக்கம். அதனால் சாயிலு நின்றான்.

"கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறியா?" என்றான் பூமய்யா.

"தூங்கல. நிக்கிறேன்."

"குதிரையும் அப்படித்தான் சொல்லும்."

இருவருக்கும் பாவா முறை எதுவும் கிடையாது. ஒருவன் மேதக்கிலிருந்து வந்தவன், மற்றவன் கரீம்நகர் பக்கம். பூமய்யாவுக்குத் திட்ட ஒரு மச்சான் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

லிங்காரெட்டி கதவில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். "என்னடா சாயிலு, உன் பெட்டி கணக்கு காட்டுதா, சும்மா பல்லைக் காட்டுதா?"

"காட்டுது பட்டேலா." லிங்காரெட்டியை ஆட்கள் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பிரஸ்ஸுல தகடு அடுக்கி வச்சுட்டாங்க. இன்னைக்கு நிக்கக் கூடாது. ஞாபகம் இருக்கில்ல?"

சாயிலுவுக்கு ஞாபகம் இருந்தது. அவன் ஏற்கனவே இரண்டு முறை ஹீட்டரை நிறுத்தியிருக்கிறான். முதல் முறை கருகல் வாடை என்று. வெளியே எவனோ டயரைக் கொளுத்தியிருந்தான். இரண்டாவது முறை எண் தாவித் தாவிக் குதித்தது என்று. தளர்ந்த திருகுதான் காரணம். இரண்டு முறையும் பிரஸ்ஸில் இருந்த தகடுகள் குப்பைக்குப் போயின. இரண்டாவது முறை லிங்காரெட்டி கத்தவில்லை. "மூணாவது தடவை நிறுத்தினா அப்படியே கேட்டுக்கு வெளியில போயிடு, என்கிட்ட வந்து சொல்லவும் வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னான். இந்த ஒப்பந்தக்காரரிடம் வேலை போனால் இந்தப் பேட்டையில் மற்றவர்களிடமும் கிடைக்காது. லிங்காரெட்டிகள் எல்லோரும் ஒரே கடையில்தான் சாய் குடிக்கிறார்கள்.

எண்கள் ஏறின. நூற்றைம்பது. நூற்றெழுபது. வழக்கத்தைவிட மெதுவாக ஏறுவதாகச் சாயிலுவுக்குப் பட்டது. பர்னர் முழு வாயையும் திறந்து எரிந்துகொண்டிருந்தது. பூமய்யா சுவரோரம் உட்கார்ந்து சோள மாவில் தட்டிய ஜொன்ன ரொட்டியைப் பிரித்தான். குழாய் இணைப்பிலிருந்து இரண்டு கை தூரம். அவன் வழக்கமாக உட்காரும் இடம் அதுதான்.

உள் தொலைபேசி அடித்தது. பூமய்யா வாயில் ரொட்டியோடு எடுத்தான். "என்ன கொப்புளமா? தகடா, உனக்கா?... இங்க நூத்தித் தொண்ணூறுதான்டா. இன்னும் சுடவே இல்ல, அதுக்குள்ள எப்படிக் கருகும்? உன் பசை மோசம்." வைத்துவிட்டுச் சொன்னான், "பிரஸ்காரனுக்கு தகடு கருகுதாம். நல்லா இருக்கு கதை."

சாயிலு குழாயருகே போனான். அங்கே சூட்டைக் காட்டும் பழைய முள் கடிகாரம் ஒன்று உண்டு. கண்ணாடி மங்கியது, எப்போதோ முள் சிக்கிக்கொண்டது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அது இருநூற்றைம்பதைத் தாண்டி நின்றது. விரலால் ஒரு தட்டுத் தட்டினான். முள் நடுங்கியது. நடுங்கி, இன்னும் கொஞ்சம் மேலே போய் நின்றது.

சிக்கிய முள் நடுங்காது.

குச்சியின் தலையைத் தொட்டான். கையை வைத்திருக்க முடியவில்லை. பிறகு பேனல் அறைக்குள் போய் எண்களைப் பார்த்தான். நூற்றுத் தொண்ணூற்றொன்று, நூற்றுத் தொண்ணூறு. இரண்டு குச்சிகளும் ஒரே பேச்சு பேசின. இரண்டு பேர் ஒன்றுபோலச் சொல்லும்போது செத்துப்போன கடிகாரத்தை எவன் நம்புவான்? அவன் மாட்டிய மாட்யூல் சரி என்றால் எல்லாம் சரி. நிறுத்தினால், தன் கைவேலை பொய் என்று தானே சொன்ன கணக்கு. பொய் இல்லையென்றால் மூன்றாவது தடவை. பொய் என்றாலும் மூன்றாவது தடவைதான்.

தூக்கம் கண்ணை அமுக்கியது. ஒன்றும் செய்யாமல் நின்றால் என்ன என்றிருந்தது. அரை மணியில் சூடு அடங்கிவிடும், வீட்டுக்குப் போகலாம்.

கதவு வழியாகப் பார்த்தான். பூமய்யாவின் தலைக்கு மேலே, இணைப்பின் விளிம்பிலிருந்து, பீடிப் புகை அளவுக்கு ஒரு மெல்லிய நூல் எழுந்தது. பூமய்யா பீடி பிடிப்பவனில்லை.

சாயிலு நிறுத்தக் குமிழை அறைந்தான். பர்னர் செத்தது.

"பம்ப்பை நிறுத்தாத!" என்று கத்தினான். "எண்ணெய் ஓடட்டும்! அங்கிருந்து எந்திரி முதல்ல!"

பூமய்யா எழுந்த வேகத்தில் ரொட்டி தரையில் விழுந்தது. "ஏன்டா, சாப்பிடும்போதா?" என்றவன் அண்ணாந்து புகையைப் பார்த்தான். ஒரே எட்டில் வாசலுக்கு வந்துவிட்டான்.

லிங்காரெட்டி ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தான். "நிறுத்திட்ட."

"நிறுத்திட்டேன்."

"என்ன காட்டுது?"

"நூத்தித் தொண்ணூறு."

"நூத்தித் தொண்ணூறுக்கு நிறுத்துனியா?" லிங்காரெட்டி சிரித்தான். "மேடம், வாங்க, இந்த அதிசயத்தைப் பாருங்க."

ஹாரிகா கையில் தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் துப்பாக்கியோடு வந்தாள். குழாயின் உறையில்லாத இடத்துக்கு நேரே பிடித்தாள். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் பிடித்தாள். "இருநூத்தி எண்பத்தெட்டு" என்றாள். "எண்ணெய் இதைவிட அதிகமா இருக்கும்."

பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் அறுபது ஏறினாத்தான் இந்தப் பெட்டி பர்னரைக் குறைச்சிருக்கும்" என்றான் சாயிலு.

"நான் பகோடா ஆகியிருப்பேன்" என்றான் பூமய்யா.

எண்ணெயின் சூடு இறங்கும் வரை பம்ப்பை ஓடவிட்டு, பிறகு சாயிலு பிரேக்கரை இறக்கித் தன் பூட்டைப் போட்டான். குச்சியின் தலை ஆறும் வரை காத்திருந்து மூடியைக் கழற்றினான். ஹாரிகா குனிந்து பார்த்தாள். பிறகு மீதமிருந்த கேபிள் சுருளை எடுத்து, மேலுறையில் அச்சடித்திருந்த எழுத்தைக் கண்ணருகே பிடித்துப் படித்தாள்.

"இது அமெரிக்க முறை கேபிள். இதுல மஞ்சள் பிளஸ். சிவப்பு மைனஸ்."

"சிவப்பு எப்பவும் பிளஸ் மேடம்."

"இதுல இல்ல."

அவன் கெட்டிலைப் பார்த்தான். "அப்போ தண்ணியில சரியாக் காட்டுச்சே?"

"ஒரு முனையில மட்டும் மாத்தியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், எண்ணு கீழ போயிருக்கும். நீங்க ரெண்டு முனையிலயும் மாத்திட்டீங்க. தப்புக்குத் தப்பு சரியாப்போச்சு. ஆனா குச்சித் தலையும் பேனலும் ஒரே சூட்டுல இருக்கிற வரைக்கும்தான். தலை சூடாச்சு, பேனல் ஏசியில குளிர்ந்துச்சு. அந்த வித்தியாசம் ரெண்டு மடங்கா, காட்டுற எண்ணுல இருந்து கழிஞ்சுபோச்சு." சுருளைக் கீழே வைத்தாள். "கேபிள் வந்தப்ப நானும் இதைப் படிக்கல. கையெழுத்து மட்டும் போட்டேன்."

சாயிலு திருப்புளியை எடுத்தான். இரண்டு குச்சிகளின் தலையிலும் கம்பிகளை மாற்றினான். மாட்யூலிலும் மாற்றினான். திருகினான், இழுத்துப் பார்த்தான். விரல்கள் வேறு யாருடையவையோபோல இருந்தன. பூமய்யா இணைப்பின் போல்ட்டுகளை முடுக்கினான். சாயிலு பூட்டை எடுத்துப் பிரேக்கரை ஏற்றினான்.

மறுபடி பற்ற வைத்தார்கள். மறுபடி தேங்காய் உடைக்க வேண்டுமா என்று பூமய்யா கேட்டான். சாயிலு மறுபடி நின்றான். இந்த முறை பூமய்யா எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தான். எண் ஏறும்போதெல்லாம் ஹாரிகா துப்பாக்கியைப் பிடித்தாள். குழாயும் மாட்யூலும் முள் கடிகாரமும் ஒன்றையொன்று ஒட்டி வந்தன. இருநூற்றைம்பதில் பர்னர் தானாகத் தணிந்தது. வெயில் கூரைத் தகரத்தில் நன்றாக ஏறியிருந்தது.

லிங்காரெட்டி சாயிலுவின் தோளில் கை வைத்தான். அடிக்கிற கை இல்லை அது. "நல்லவேளை நிறுத்தின."

சாயிலு காத்திருந்தான்.

"ஆனா கம்பியை மாத்திப் போட்டது யாரு?"

"நான்தான் பட்டேலா."

"பிரஸ்ஸுல இருந்ததெல்லாம் போச்சு. மேல கேப்பாங்க. ஒரு பேரு சொல்லணும். நான் யார் பேரைச் சொல்ல?"

"அவர் நிறுத்தலைன்னா—" என்று ஹாரிகா தொடங்கினாள்.

"அவன் சரியா மாட்டியிருந்தா நிறுத்தவே வேண்டியிருக்காதே மேடம். உங்க பேரையும் சேர்த்துச் சொல்லட்டுமா?"

ஹாரிகா துப்பாக்கியின் பொத்தானை ஒருமுறை வெறுமனே அழுத்தினாள். சாயிலுவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் தூக்கம் வேண்டும். லிங்காரெட்டி சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. மாட்டியதும் அவன்தான், நிறுத்தியதும் அவன்தான். ஒன்றைக் கழித்தால் மற்றது மிஞ்சவில்லை.

பூட்டையும் சாவியையும் பேனல்மேல் வைத்தான். டெஸ்டர் அவனுடையது. அதை எடுத்துக்கொண்டான்.

"பாவா" என்றான் பூமய்யா. ஹீட்டர் ஓடும்போது அவன் அறையை விட்டு வரக்கூடாது. வாசல்வரை வந்து நின்றான். "சாயங்காலம் வூட்டுப் பக்கம் வரேன்."

"தூங்குவேன்."

"அப்போ உன் பக்கத்துல உக்காந்து திட்டுறேன்."

"சரி. அந்த இணைப்புப் பக்கம் உக்காராத."

முற்றத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. பிரஸ் கூடத்திலிருந்து கொப்புளம் விழுந்த தகடுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கேட்டில் காவல்காரன் பையைத் தடவிப் பார்த்தான். டெஸ்டரை வெளியே எடுத்தான், திரும்ப உள்ளே போட்டான்.

"என்ன சாயிலன்னா, இவ்வளவு நேரமா? பொண்டாட்டி அடிக்கப்போறா."

"வேலை இருந்தது."

"போய்ப் படு. ராத்திரி பாக்கலாம்."

சாயிலு தலையாட்டினான். சொல்லித் திருத்தத் தெம்பில்லை. பெரிய கேட்டில் பதித்திருந்த சிறு கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்தான். சந்தில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் காவல்காரன் கதவை இழுத்துச் சாத்தினான். தாழ்ப்பாள் இழுபட்டது, பூட்டு விழுந்தது.