கோடு போட்ட பக்கம்

...இல்லை, கண்தான் ஏமாற்றுகிறது, வெளிச்சம் போதவில்லை என்று ரிப்பேர் கடைக்காரர் விளக்கைக் கீழே இழுத்தார், பூதக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார், டயோடின் வெள்ளைக் கோடு இடப்பக்கம், அதற்கடியில் போர்டில் அச்சடித்த கோடு வலப்பக்கம்... இரண்டும் ஒரே பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? கம்பெனியில் வைத்த டயோடு, யார் கையும் படாதது, அப்படியானால் எது தப்பு? போர்டோடு வைத்து அளந்தால் மீட்டர் பொய் சொன்னாலும் சொல்லும், அதனால் டயோடின் ஒரு காலைச் சூடுகாட்டித் தூக்கினார், சிவப்பு முனை கோடில்லாத பக்கம், கறுப்பு முனை கோட்டுப் பக்கம், மீட்டரில் புள்ளி ஆறு சொச்சம், முனையை மாற்றினால் ஒன்றுமில்லை, ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடுகிறது, டயோடில் குறையே இல்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் தடமும் கோடில்லாத காலுக்குத்தான் போகிறது, அப்படித்தான் போகவும் வேண்டும். அச்சுதான் தலைகீழ்.

இதே மாடல் பேட்டரி சார்ஜர் இன்னொன்று, இதே மாதிரி போர்டு... ஒன்பது வருஷம் முன்னால், இந்தக் கடையில் கூட வேலை பார்த்த தம்பி டயோடு மாற்றி சுவிட்சைப் போட்டதும் கண்டென்சர் வெடித்துக் கடை முழுக்கப் புகை. "போர்டுல போட்டிருக்கிற மாதிரிதாண்ணா வெச்சேன்" என்றான், இவர் காதில் வாங்கினாரா? "கோடு எந்தப் பக்கம்னு தெரியாதவனுக்கு எதுக்குடா இந்தத் தொழிலு? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" வாடிக்கைக்காரர்கள் பார்க்க, சாப்பாட்டுக் கேரியரோடு வந்த தம்பி மனைவி வாசலிலேயே நிற்க... அவன் சால்டரிங் அயர்னை ஒழுங்காக அணைத்து வைத்துவிட்டுத்தான் போனான். இப்போது ஏதோ கிடங்கில் பெட்டி தூக்குகிறானாம், அந்தக் கையா, முடி கனக் கம்பியை நடுங்காமல் ஒட்டுகிற கையா?

தெரியாமல் நடந்ததுதானே என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. தெரியாமலா? கருகிய போர்டு ஒரு வாரம் இந்த மேஜையில்தான் கிடந்தது, மீட்டரும் பக்கத்திலேயே, இரண்டு நிமிஷ வேலை, ஏன் அளக்கவில்லை? சின்னவர் இல்லையா, அவர் வரட்டும், அவரிடமே கொடுக்கிறோம் என்று வருகிறவர்களெல்லாம் சொன்னார்களே, அது உறுத்தியது, ஆமாம், பொறாமைதான், அன்றைக்குப் புகை வந்தபோது வயிற்றுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் கூட... சீ, என்ன மனுஷன் நான்.

சொல்லிவிட வேண்டும், தப்பு உன்னுடையதில்லை என்று இப்போதே சொல்லிவிட வேண்டும், நாளைக்கு என்றால் தைரியம் போய்விடும். எண்ணைத் தேடி அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"என்னண்ணா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

அப்பா போனபோது ஒருமுறை, சித்தப்பா போனபோது ஒருமுறை... இத்தனை வருஷத்தில் அவனைக் கூப்பிட்டது அவ்வளவுதானா?

"ஒண்ணுமில்லடா, அம்மா நல்லாருக்காங்க."

பெருமூச்சு கேட்டது. இவர் போர்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எதுக்குண்ணா கூப்பிட்டே?" என்றான் தம்பி, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரியாமல்.