செட்டைப் பிரித்து விற்பதில்லை

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும், என்னையும் என் கணவரையும் தவிர. சோபாவுக்கு உண்டு, பக்கத்திலிருக்கும் விளக்குக்கு உண்டு, காலியான காபிக் கோப்பைக்கும் அதன் தட்டுக்கும்கூடத் தனித்தனியே உண்டு. பர்னிச்சர் கடையின் இரண்டாவது மாடியில் போட்டிருந்த மாதிரி வீடு அது. டிவி வெறும் அட்டை. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையும் அட்டைதான். ஆள் இல்லாத வீடு எழவு வீடு போல இருக்கிறது, வியாபாரம் படுத்துக்கொள்கிறது என்று முதலாளிக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, ஒரு புருஷனையும் ஒரு பொண்டாட்டியையும் சம்பளத்துக்கு எடுத்தார். பொண்டாட்டி வேலைக்குச் சேர்ந்தவள் நான்.

நிஜத்தில் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பதைத் தாண்டி நாளாயிற்று. தம்பி பெண்டாட்டி விஷயம் கேள்விப்பட்டு, மானம் போகிறது அண்ணி என்று போனில் அழுதாள். நீ சம்பளம் இல்லாமல் செய்கிற வேலையை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன், இதில் யாருக்கு மானம் போகிறது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் போன் செய்வதில்லை. எனக்கும் நிம்மதி.

புருஷன் வேலைக்கு வந்தவர் அதற்கு முன் ஒரு கிடங்கில் காவலுக்கு இருந்தவர். சும்மா உட்காருவதில் அனுபவம் உள்ள ஆள் என்று முதலாளி அவரைத் தேர்ந்தெடுத்தார். தப்பே இல்லை. அப்படி ஒரு உட்காரலை நான் பார்த்ததில்லை. பேப்பரில் ஒரு பக்கம் திருப்ப அவருக்கு அரைப் பொழுது ஆகும். அதுவும் போன வருஷத்துப் பேப்பர். முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் கண்ணை இமைக்கிறாரா என்று சோதிக்கவே நான் அடிக்கடி தூசி தட்டப் போவேன்.

எங்களுக்குப் பேச ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள். யாராவது வாடிக்கையாளர் வந்து நின்றால் நான், “என்னங்க, காபி கொண்டு வரட்டுமா?” என்று கேட்க வேண்டும். அவர், “இந்த சோபாவுல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மனசு வரல” என்று சொல்ல வேண்டும். நான் காலிக் கோப்பையைக் கொண்டுவந்து நீட்ட, அவர் குடிப்பது போல வாயில் வைத்து எடுப்பார். அவ்வளவுதான் எங்கள் தாம்பத்யம். வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் நாலு ஆள் தள்ளி நின்று என்னை மேடம் என்பார்.

ஒருநாள் கடையில் ஈ காக்கை இல்லை. பழக்கதோஷத்தில் கோப்பையை நீட்டினேன். அவர் வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். “சர்க்கரை கொஞ்சம் கம்மி” என்றார்.

நான் கோப்பையை வாங்கிக்கொண்டு தண்ணீர் வராத அந்தச் சமையலறைக்குப் போய், இல்லாத டப்பாவிலிருந்து இல்லாத சர்க்கரையை ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன். குடித்துவிட்டு, இப்போது சரியாக இருக்கிறது என்றார். என் வாழ்க்கையில் நான் கொடுத்த எதையும் யாரும் சரியாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அன்றிலிருந்து எனக்கு அவர்தான், சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும்.

இந்த நேரத்தில்தான் கண் டாக்டர் வந்து சேர்ந்தாள். பெரிய வீட்டில் தனியாக இருக்கிறவள். தினமும் மதியம் வந்து, எதையும் விலை கேட்காமல், எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சிலசமயம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒருநாள் முதலாளியைக் கூப்பிட்டு, இந்த ஹால் அப்படியே வேண்டும் என்றாள். அப்படியே என்றால் இவர்கள் இரண்டு பேரோடும். முதலாளி இழுத்தார். அவள் சுவரில் இருந்த போர்டைக் காட்டினாள். ‘காட்டியதைக் காட்டியபடியே தருவோம்’ என்று முதலாளியின் அப்பா காலத்தில் எழுதியது. முதலாளி பில் புத்தகத்தை எடுத்தார். பில்லில் கடைசி வரியாக ‘மற்றவை இரண்டு’ என்று எழுதினார்.

லாரியின் பின்னால் சோபாவை ஏற்றி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் அதன் மேலேயே எங்களை உட்கார வைத்தார்கள். ஊர் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சிக்னலில் நின்ற ஜனங்கள் எங்களை அண்ணாந்து பார்த்தார்கள். அவர் எதையும் பார்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். வாங்க வருகிறவர் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் நான் காபி கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், வண்டி குலுங்குது, கையில் ஊத்திக்குவே என்றார். அந்த ‘மேடம்’ என்கிற வார்த்தை போன இடம் தெரியவில்லை. அந்த லாரி எங்கேயும் போய்ச் சேராமல் ஓடிக்கொண்டே இருந்தால் தேவலை என்று இருந்தது.

டாக்டர் வீட்டில் வேலை அதேதான். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் வாசலில் நின்று, வந்துட்டேன் என்பாள். அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். பிறகு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள். என் கணவர் அந்த நேரத்தில் சோபாவிலேயே கண்ணயர்ந்து மெல்லக் குறட்டை விடுவார். அதைக் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறதாம்.

ஒரு வாரம் போயிருக்கும். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்தாலே தப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு வீட்டில் இரண்டு பொம்பளைகள் என்பது கொஞ்சம் இடிக்கிறது, சோபாவும் அவரும் போதும், என்னைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். பில்லை என் கையிலேயே கொடுத்து வண்டி வைத்து அனுப்பினாள். கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று யோசித்தேன். பதில் கிடைப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.

ஆனால் நான் கவலைப்படவில்லை. முதலாளியின் குணம் எனக்குத் தெரியும். செட்டைப் பிரித்து விற்பதில்லை என்பது அவருக்கு உயிர். ஆறு நாற்காலி செட்டில் நான்கு மட்டும் கேட்ட சொந்த மச்சானையே வாசலோடு அனுப்பியவர். அந்த தைரியத்தில் நேரே அவர் முன் போய் நின்று, செட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று புகார் சொன்னேன்.

முதலாளி தலையைச் சொறிந்தார். “அது சாமானுக்கும்மா. ஆளுக்கு அந்தச் சட்டம் கிடையாது.”

மேலே போனால் புது சோபா, புது விளக்கு. புதுப் புருஷனும் தயாராக உட்கார்ந்திருந்தார். கடா மீசை. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வணக்கம் சிஸ்டர்” என்றார். நாலு நாள் கழித்துத்தான் வாடிக்கையாளர் வந்தார்கள். வாக்கியத்தைச் சொல்லிக் கோப்பையை நீட்டினேன். கடா மீசை அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தது. இதில் ஒன்றுமே இல்லையே சிஸ்டர் என்றது.

எல்லார் எதிரிலும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக ஒன்றுமில்லாததைத்தானே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோப்பையை அந்த ஆள் மடியிலேயே வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். பின்னால் முதலாளி வேலை நேரம் என்று கத்துவது கேட்டது. கத்தட்டும்.

டாக்டர் வீட்டு மணியை அடித்தபோது எனக்குள் அவளைத் திட்ட நல்ல நல்ல வார்த்தைகள் சேர்ந்திருந்தன. அவளே வந்து கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, தூங்கி நாளானவள் போல இருந்தாள். “நீங்க போனதிலேர்ந்து அவர் தூங்கவே இல்ல. கடையில சொன்னா, சோபாவுக்கு மட்டும்தான் கேரண்டியாம்.” சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கினாள். பாவம், அவளும்தான் எத்தனை நாள் ஒண்டியாக உட்கார்ந்திருப்பாள். எனக்கு இருந்த கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே டாக்டர் போட்ட நிஜக் காபி ஏடு படிந்து கிடந்தது. என்னைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு எழுதிக் கொடுத்தது ஒரே வாக்கியம், அது இப்போது உதவாது என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டார். சரி, இங்கே நான்தான் பேச வேண்டும்.

“என்னங்க, கிளம்புங்க.”

“எங்க?”

“வீட்டுக்கு.”

ஒரு பக்கம் பேப்பர் திருப்புகிற நேரம் யோசித்தார்.

“எந்த வீட்டுக்கு? என் ரூம்ல உட்கார ஒரு நாற்காலிகூட இல்ல.”

“பரவாயில்ல, நின்னுக்கலாம்” என்றேன்.

அவர் எழுந்தார்.