பதினஞ்சு அந்தர் கரவன்

எனக்குக் கடை குடுக்கமாட்டேன்னு சொன்னாரே அந்தக் கட்டடக்கார முதலாளி, அவர் மேல எனக்குக் கோவமே இல்லன்னு சொன்னா அது பச்சப் பொய். மாத்தளை பெரிய ரோட்டுல அவர் கட்டடத்துல பத்து வருஷம் சோத்துக்கடை போட்டவ நான். கிருஷ்ணம்மா கடைன்னா பஸ் டிரைவருங்க அத்தனை பேருக்கும் தெரியும். எண்பத்திமூணு ஜூலைக் கலவரத்துல கடை எரிஞ்சது. நானும் வீட்டுக்காரர் முத்துவீரனும் அடுப்புல கொதிச்ச சோத்தக்கூட எறக்காம ஓடினோம். ஆறு மாசம் கழிச்சு, சுவரு மட்டும் நிக்கிற அந்த எடத்தைத் திரும்பக் கேட்டுப் போனா, "உங்களுக்குக் குடுத்தா மறுபடியும் பத்தவைப்பாங்க"ங்கிறார். பத்தவச்சவன் டவுனுக்குள்ள சுத்தலாம், எரிஞ்சுபோனவ மட்டும் வரக்கூடாது. நல்லாருக்கே நியாயம்!

இன்னும் ஏழு எடத்துல கேட்டேன். எல்லாரும் அதே பாட்டுத்தான். எனக்கு வந்துச்சே ஆத்திரம். சுவரு இருந்தாத்தானே குடுக்கமாட்டேன்னு சொல்லுவீங்க? சக்கரத்துமேல கடை போடுறேன், வந்து பாருங்கன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

சக்கரம் எங்க இருந்துச்சுன்னா, யட்டவத்த பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவுல. வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருத்தர் விட்டுட்டுப்போன கரவன். கார் இழுத்துக்கிட்டுப் போற சின்ன வீடுங்க அது. ரெண்டு சக்கரம், உள்ளுக்கு அடுப்பு மேடை, பாத்திரம் கழுவுற தொட்டி, சுத்திவர ஜன்னல். கலவரத்துக்கப்புறம் நாங்க அந்தத் தோட்டத்து லயத்துலதான், தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீட்டுலதான், என் தங்கச்சிகூட ஒண்டிக்கிட்டு இருந்தோம். பங்களா விருந்துக்கெல்லாம் நான் சமைச்சுக் குடுத்ததுல தோட்டத்து மேனேஜர் தொரைக்கு என்மேல ஒரு மதிப்பு. "நான் மாத்தலாகிப் போறேன். சனிக்கிழமைக்குள்ள எடுத்துட்டுப் போயிடு, இல்லன்னா புதுத் தொரை கோழிக்கூடா ஆக்கிடுவார்"னார். நிறுத்த எடம் பலாபத்வலயில கராஜ் வச்சிருக்கிற ஜமால்தீன் நானா குடுத்தார். முஸ்லிம் அண்ணன்மார நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். "என்ட நெலம், என்ட கேட்டு. எவன் கேக்குற, நான் பாத்துக்கிறன்"னார். மனுசன்னா அவர் மனுசன்.

வீட்டுக்காரர்தான் வழிக்கு வரல. சூடு கண்ட பூனை அடுப்பண்ட போகாதும்பாங்களே, அது மாதிரி ஆறு மாசமா டவுன் பக்கமே எட்டிப் பாக்கல. முன்னால எழுதிப் போட்டிருந்த இந்தியாப் பாஸ்போட்டு வேற வந்துடுச்சு. தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறுவோம்னு ஒத்தக் கால்ல நின்னார். இவருக்கு அங்க யாரத் தெரியும்? எனக்கு யாரத் தெரியும்? நான் பொறந்தது இந்த மண்ணு. கடைசியில நானே சொன்னேன்: "சனிக்கிழமைக்குள்ள கரவன் பலாபத்வலைக்குப் போய்ச் சேரலன்னா, உங்ககூடக் கப்பல் ஏறுறேன். சேந்துட்டா, கப்பல் பேச்சையே எடுக்கக்கூடாது." சரின்னார். போய்ச் சேராதுன்னு அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

எந்த வண்டியில இழுக்கிறது? நானாவோட கராஜுல மூணு இருந்துச்சு. மொரிஸ் மைனரப் பாத்ததும் எனக்குப் புடிச்சுப்போச்சு, அழகா இருந்துச்சு. நானா தலையில அடிச்சுக்கிட்டார். "இதால ஏலா தங்கச்சி. கரவன் பதினஞ்சு அந்தர், முக்கா டன்னு. இந்தக் காரும் பதினஞ்சு அந்தர். ஏத்தத்துல இழுத்துரும், எறக்கத்துல கரவன்தான் காரத் தள்ளிட்டுப் போகும்."

வீட்டுக்காரர் ட்ரக்டரக் காட்டினார். தோட்டத்துல பதினேழு வருஷம் கொழுந்து ட்ரெய்லர் இழுத்த மனுசன். "இதுல இரும்பு ஊசியச் சொருகினா ட்ரெய்லர் மாட்டிக்கும், உருவினாக் கழண்டுக்கும். ஆத்திர அவசரத்துக்குக் கழட்டிப் போட்டுட்டு ஓடலாம்"னார்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஒரு தடவ போட்டுட்டு ஓடினது போதாதாக்கும்?"

நானா நடுவுல வந்தார். "ஊசி ஓட்டைக்குள்ள ஆடும். மெதுவாப் போற ட்ரெய்லருக்குச் சரி. இது உசரமான வண்டி, எறக்கத்துல முட்டி முட்டிக் குதிக்கும். முத்துவீரன், இழுக்கிறதப் பாக்காதீங்க, நிப்பாட்டுறதப் பாருங்க." ஒரு ஆஸ்பத்திரி கழிச்சுப்போட்ட பழைய லாண்ட்ரோவரக் காட்டினார். பொகை கக்கும், ஆனா இருபத்தாறு அந்தர், பிரேக்குன்னா பிரேக்கு. அதுக்குப் பின்பக்கம் ரொம்ப உசரம். கரவன் மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கக்கூடாதுன்னு கீழ எறங்கின மாதிரி ஒரு இரும்புத் தகடு வெல்டிங் வச்சு, அதுல வெள்ளைக்காரர் விட்டுட்டுப்போன இரும்புப் பந்தப் பூட்டினார். கரவனோட கவ்வி அந்தப் பந்துமேல உக்காந்து பூட்டிக்கும். அதுக்குக் கீழ ரெண்டு சங்கிலி, ஒண்ணுக்கொண்ணு குறுக்கா. சங்கிலிய ஊசியில மாட்டணும்னு வீட்டுக்காரர், போல்ட்டுப் போட்டு முறுக்கணும்னு நான். போல்ட்டுதான்.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. முன்மூக்குல ஒரு அந்தர் பாரம் உக்காரணும். பின்னால பாரம் போட்டா ஆடும்"னு நானா சொல்லியனுப்பினார்.

சனிக்கிழம காலையில, புதுக் கடைக்குன்னு சேத்து வச்ச சாமான ஏத்தினோம். ஆட்டுக்கல்லு, அம்மி, அரிசி மூட்டை, வார்ப்பு அடுப்பு. வீட்டுக்காரர் எல்லாத்தையும் பின்கதவுகிட்டயே அடுக்கினார். தோட்டத்துல அப்படித்தான் பழக்கம். பின்னால பாரம் இருந்தா முன்னால ரெண்டு பேர் லேசாத் தூக்கி மாட்டிடலாம். நானா சொன்னத ஞாபகப்படுத்தினேன். "பதினேழு வருஷம் மாட்டினவனுக்கு நீ சொல்லித் தர்றியா?"ன்னார். எல்லாத்துக்கும் வாய் பேசுறவ, அன்னைக்குன்னு பாத்து வாயப் பொத்திக்கிட்டேன். என் புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும். மாட்டும்போது என்னா லேசு! நாங்க ரெண்டு பேருமே தூக்கி மாட்டிட்டோம்.

ஏத்தத்துல ஒண்ணும் தெரியல. மாத்தளைக்கு எறங்குறோம், வேகம் கொஞ்சம் கூடிச்சு, பின்னால கரவன் ஒரு ஆட்டம் ஆடிச்சு பாருங்க! இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. லாண்ட்ரோவரோட பின்பக்கத்தையே புடிச்சு உலுக்குது. "முருகா!"ன்னு நான் கத்துறேன். வீட்டுக்காரர் பிரேக்க மிதிக்கல. கால எடுத்துட்டு, ஸ்டியரிங்க நேராப் புடிச்சுக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தார். சும்மா சொல்லக்கூடாது, டிரைவர்னா டிரைவர். ஆட்டம் கொறைஞ்சு, வண்டி டவுனுக்குள்ள ஊர்ந்து வந்து ஒருவழியா நின்னுச்சு. எங்க நின்னுச்சு தெரியுமா? எரிஞ்ச எங்க கடைக்கு நேர் முன்னால.

பட்டப்பகல், சந்தை நேரம். திபுதிபுன்னு கூட்டம் கூடிடுச்சு. வீட்டுக்காரர் ஸ்டியரிங்க விடவே இல்ல. "இந்தச் சாமானோட இனி ஒரு அடி போக முடியாது. கரவனக் கழட்டிடலாம் புள்ள. லாண்ட்ரோவர மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்"னார்.

"கழட்டுறதுன்னா என்னையும் சேத்துக் கழட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டு நான் எறங்கிட்டேன்.

பயம் இல்லாமலா? ஆனா நனைஞ்சதுக்கப்புறம் முக்காடு எதுக்கு? பின்கதவத் தொறந்தேன். முன்னால பாரம் போகணும்னா எல்லாத்தையும் கீழ எறக்கித் திருப்பி அடுக்கணும். உள்ளுக்கு ஒரு ஆள் போற வழிதான். சட்டி, பானை, அண்டா, வாளின்னு ஒண்ணொண்ணா எடுத்து ரோட்டுல வச்சேன். எங்க கடை முழுக்க எங்க கடைக்கு முன்னாலயே பரவிக் கெடந்துச்சு. தம்புள்ளை பஸ் ஒண்ணு வந்து ஹார்ன் அடிச்சுது. டிரைவர் எட்டிப் பாத்தார், என் கையால எத்தனையோ நாள் சோறு தின்ன சிங்களத் தம்பி. ஹார்ன நிப்பாட்டிட்டு, பஸ்ஸ எங்களுக்குப் பின்னால குறுக்கப் போட்டு, வேற வண்டி வந்து இடிக்காம நின்னுக்கிட்டார்.

ஆட்டுக்கல்லு மட்டும் என்னால அசைக்க முடியல. உருட்டப் பாத்தேன், முட்டி பேந்துடுச்சு. அப்பதான் பக்கத்துல ஒரு கை வந்துச்சு. வீட்டுக்காரர். என் முட்டியில ரத்தத்தப் பாத்தார், கூட்டத்தப் பாத்தார், கல்லத் தூக்கித் தோள்ல வச்சார். உள்ள போய் முன்மூக்குல எறக்கினார். அடுத்து அம்மி, அப்புறம் அரிசி மூட்டை. நான் எடுத்துக் குடுக்கக் குடுக்க, அவர் முன்னாலயிருந்து அடுக்கினார். முகத்துல ஒரு கோவம். இந்த ஆறு மாசமா நான் தேடின கோவம் அது.

பாதி ஏத்தியிருப்போம். கூட்டத்த வெலக்கிக்கிட்டு அந்தக் கட்டடக்கார முதலாளி வந்தார். வண்டியப் பாத்தார், மூட்டை முடிச்சப் பாத்தார். பாவப்படுற மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டு, "கொஹெத யன்னே, முத்துவீரன்?"னு, சிங்களத்துல, எங்க போறீங்கன்னு கேட்டார். பதிலுக்கும் காத்திருக்கல. "இந்தியாவுக்குத்தானே? நல்ல முடிவு. ஒங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள வீட்டுக்காரர் கரவனுக்குள்ள இருந்து எறங்கினார். வேட்டியில கையத் தொடச்சார்.

"கொஹேவத் யன்னே நே!" எங்கயும் போகலன்னு ஒரே சத்தம். அப்புறம் தமிழ்ல, "பலாபத்வலயில நாளைக்குக் காலையில கடை தொறக்கிறோம். சோறு திங்க வாங்க முதலாளி."

முதலாளி கேட்டது ஒரு தடவதான். இவர் மூணு தடவ சொன்னார், பஸ்ஸுக்குள்ள உக்காந்திருந்தவங்களுக்கும் கேக்குற மாதிரி.