நானூற்றுப் பன்னிரண்டு நண்டுகள்

காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் மேய்ந்துவிட்டு, அதற்கு ஆய்வு என்று பெயர் வைத்திருந்தாள் ஜிங்யா.

தௌலியூ என்ற ஊரில் ஸ்கூட்டர் பட்டறை நடத்தும் ஆபிங்கும் அவர் மனைவி சியோக்லானும் வாராவாரம் பாட்காஸ்டில் அரட்டை அடிப்பார்கள். முந்நூறு பகுதிகள். அத்தனையையும் ஒரு செயலி எழுத்தாக்கி வைத்திருந்தது. ஒரு சொல்லைத் தட்டினால் வரிவரியாக வந்து விழும். அப்புறம் உட்கார்ந்து கேட்பானேன்?

அப்படி விழுந்ததுதான் நண்டு, நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில், அத்தனையும் ஆபிங் பேச்சில். ‘நண்டு, போன வாரம் வர முடியல.’ ‘ஐயோ நண்டு, உங்க பேரைத் தப்பாச் சொல்லிட்டேன்.’ கடல் எட்டிக்கூடப் பார்க்காத ஊரில் இத்தனை நண்டா! அவளுக்குப் புல்லரித்தது. பட்டறைக்காரர்கள் நண்டைச் சாட்சி வைத்துப் பேசுகிறார்கள் என்று அறுபது பக்கம் எழுதித் தள்ளினாள். ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் கோவுக்கு ஒரே பெருமை. திங்கட்கிழமை தேர்வுக் குழு முன்னால் அதை வாசித்தால்தான் பட்டம். கடைசியாக ஒரு பேட்டியும் சேர்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை ரயிலேறினாள், கையில் ஒரு பெட்டி நண்டோடு.

பெட்டியைத் திறந்த ஆபிங் இரண்டடி பின்னால் போனார்.

“நண்டா? வாசம் பட்டாலே எனக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போகும்மா!”

“விளையாடாதீங்கண்ணே. வாயைத் திறந்தா நண்டுதானே உங்களுக்கு?” மேசைமேல் அவளுடைய லேப்டாப் பேட்டியை எழுத்தாக்கிக்கொண்டிருந்தது.

“இவரு வாயைத் திறந்தா, ஆயில் மாத்தணும்பாரு, இல்ல பசிக்குதும்பாரு,” என்றாள் சியோக்லான். “நண்டு எங்கேர்ந்து வந்துச்சு?”

அந்நேரம் வண்டி கேட்டு ஒருவர் வந்தார். ஆபிங் எழுந்து கும்பிடாத குறையாக, “பாய்ஸே, பாய்ஸே! இன்னும் முடியல, நாளைக்கு வாங்க,” என்றார்.

திரையில் எழுத்து ஓடியது: ‘நண்டு, நண்டு! இன்னும் முடியல.’

ஜிங்யா திரையையும் ஆபிங்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பாய்ஸே, ஊர்ப்பேச்சில் மன்னிச்சுக்குங்க. அவளே தினம் பத்துத் தடவை சொல்கிற சொல். மாண்டரின் சீனம் மட்டும் தெரிந்த செயலியின் காதில் அது பாங்ஸியே, அதாவது நண்டு! ஒரே ஒரு பகுதியைக் கேட்டிருந்தால் போதும். அறுபது பக்கமும் குப்பை.

விஷயம் தெரிந்ததும் சியோக்லான் சிரித்துச் சிரித்து ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“நானூறு தடவைக்கு மேல மன்னிப்புக் கேட்டிருக்காரா இந்த மனுஷன்? அதுல எனக்கு எத்தனைன்னு பாரும்மா.”

ஜிங்யா இந்த முறை ஒவ்வோர் இடமாக ஒலிக்கவிட்டுக் கேட்டாள். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. வாடிக்கையாளருக்கு, நேயருக்கு, ஒரு தடவை பட்டறை நாய்க்கு. மனைவிக்கு ஒன்றுகூட இல்லை.

ஆபிங்குக்குத் திடீரென்று ஸ்பேனர் தேட வேண்டியிருந்தது.

ஜிங்யா பேராசிரியருக்குப் போன் போட்டாள். “சார், பாய்ஸே. நண்டே கிடையாது, எல்லாம் மன்னிப்பு.”

“ஐயையோ, குழுவுக்கே அனுப்பிட்டேனே! திங்கக்கிழமை என்னத்தை வாசிப்பே?”

“யாருக்கு மன்னிப்புக் கேக்குறாங்க, யாருக்குக் கேக்கலைன்னு, சார். கணக்கு கையில இருக்கு.”

“எழுதும்மா,” என்றார் கோ. “என் வீட்டுக்காரி கண்ணுல மட்டும் படாம பாத்துக்கோ.”

போனை வைத்தபோது, ஸ்கூட்டருக்குப் பின்னாலிருந்து ஆபிங் முணுமுணுத்தார். திரையில் வந்து விழுந்தது: ‘நண்டு, சியோக்லான்.’

“அதைப் பாக்க வேணாம்மா,” என்று லேப்டாப்பை மூடினாள் சியோக்லான். “காதுல விழுந்துச்சு.”