வியாழக்கிழமை மூச்சு

எங்கள் ரொட்டித் தொழிற்சாலையின் மாவு பிசையும் அறைக்குள் கறுப்புப் பூனை நுழைந்தால் வெள்ளைப் பூனையாக வெளியே வரும். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் காதைக் குடைந்தால் ஒரு ரொட்டிக்கான மாவு தேறுகிறது.

என் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஒரு வருடமாக மூச்சிளைப்பு. பேக்கிங் பிரிவுக்கு மாற்றம் கேட்டாள். அதற்குக் கம்பெனி டாக்டர் எழுதித் தர வேண்டும். அவரோ எப்போதும் திங்கட்கிழமை காலையில்தான் கூப்பிடுவார். இரண்டு நாள் லீவில் தேறிய நெஞ்சு; மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயில் ஊதினால் முள் நானூறைத் தொடும். "யானை மூச்சும்மா உனக்கு. வீட்டுல ஒட்டடை அடிச்சிருப்ப" என்று அனுப்பிவிடுவார். மூன்று தடவை இப்படி.

பெரியாஸ்பத்திரி நெஞ்சு டாக்டரம்மா வேறு ரகம். கைக்குழாய் ஒன்றைக் கொடுத்து, "வேலையோ லீவோ, முழிச்சிருக்கிற வரைக்கும் ரெண்டு மணிக்கொரு தடவை ஊதி எழுதுங்க. நாலு வாரம்" என்றார்.

"இங்க என்ன, பாட்டு கிளாஸா நடக்குது?" என்றார் மாவு அறையில் அவள் ஊதுவதைப் பார்த்த சூப்பர்வைசர்.

"ஆமா. நீங்க தாளம் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஊதினாள்.

நாலு வாரக் கணக்கைக் கட்டத்தாளில் வரைந்தாள்; கோடு லீவில் ஏறியது, வேலை நாளில் சறுக்கியது. கம்பெனி டாக்டர் அதை ஒதுக்கினார். "நீயே எழுதுனதுதானே. திங்கட்கிழமை என் முன்னால ஊது."

"வியாழக்கிழமை, ஷிஃப்ட் முடிஞ்சு வர்றேன்."

"அன்னிக்கு நேரமில்ல."

"வாசல்ல உக்காந்திருக்கேன்."

துணைக்கு நானும் போனேன். அவள் நெஞ்சின் விசிலுக்குத் தெருவில் நாலு வண்டிகள் வழிவிட்டன.

"அண்ணா, உள்ள நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"அப்புறம் எதுக்குடி நான்?"

"பை தூக்க."

மாவு அப்பிய ஏப்ரனோடு ஊதினாள். இருநூற்றைம்பது. "இன்னும் வேகமா" என்றார் டாக்டர். இருநூற்று நாற்பது. மறுபடி இருநூற்றைம்பது.

"நடிச்சா மூணு தடவையும் இவ்வளவு கிட்ட வராது டாக்டர்" என்றாள், வார்த்தைக்கு வார்த்தை நின்று.

அவர் அவசரமாக இன்ஹேலரை நீட்டினார். கால் மணி கழித்து முந்நூற்று நாற்பது. பேனாவை எடுத்தார்.

"எழுதுறத படிச்சுக் காட்டுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "மாவுத் தூசியால வந்த ஆஸ்துமா. உடனே பேக்கிங் பிரிவுக்கு மாத்தணும்."

"கிழமையும் போடுங்க."

போட்டார்.

தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வியாழக்கிழமை வேற வேலை வச்சுக்காதீங்க. அந்த அறையில இன்னும் ஒன்பது பேர் இருக்காங்க."